கொம்பு சீவிய கதை

கிராமத்தில் இரண்டு காளைகள் முறைத்துக்கொண்டு நின்றால், பின்னால் இரண்டு பெரிய மனிதர்களும் நிற்பார்கள். ஆளுக்கொரு கத்தி. "சும்மா கூர் பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவரவர் மாட்டின் கொம்பைச் சீவுவார்கள். பிறகு மாடுகள் முட்டும், குடல் சரியும், விளைந்த வயல் நாசமாகும். சீவியவர்கள் வரப்பில் நின்று வெற்றிலை மெல்லுவார்கள். வேட்டியில் ஒரு பொட்டு ரத்தம் இருக்காது. படித்தவர்கள் இதற்குப் பதிலிப்போர் என்பார்கள், நிழல் யுத்தம் என்பார்கள். நிலத்துக்குப் பினாமி இருக்கிற மாதிரி யுத்தத்துக்கும் பினாமி. அவ்வளவுதான் விஷயம்.

ஆப்பிரிக்காவின் வரைபடத்தைப் பாருங்கள். கிழக்கே, காண்டாமிருகத்தின் மூக்கில் முளைத்தது மாதிரி ஒரு முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயரே 'ஆப்பிரிக்காவின் கொம்பு'. பெயர் வைத்த நேரம் சரியில்லை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கத்தியோடு வந்து அங்கேயும் உட்கார்ந்துவிட்டன. வியட்நாமில் சீவினார்கள், அங்கோலாவில் சீவினார்கள். அதெல்லாம் முறையான சீவல். இங்கே நடந்ததுதான் கூத்து. 1977-ல், பாதிச் சீவலில் இரண்டு பேரும் மாட்டை மாற்றிக்கொண்டார்கள்.

சண்டை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவின் கிழக்கே ஒகாடென் என்று ஒரு வறண்ட நிலம். முள்மரம், புழுதி, ஒட்டகம், ஒட்டகத்தின் பின்னால் நடக்கிற சோமாலியர்கள். நாட்டின் பெயர் எத்தியோப்பியா, வாழ்கிறவர்கள் சோமாலியர்கள். இந்தக் குளறுபடிக்குக் காரணம் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக். அவர் 1887-ல் ஹரார் நகரத்தைப் பிடித்தார். 1896-ல் அட்வாவில் இத்தாலியர்களை ஓட ஓட விரட்டி, ஆப்பிரிக்காவுக்கே பெருமை சேர்த்தார். பெருமை சேர்த்த கையோடு, மறு வருஷமே ஐரோப்பியர்களோடு உட்கார்ந்து எல்லை பேசி, ஒகாடெனைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்ட பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த ஒரே ஆப்பிரிக்க ராஜா அவர்தான். அந்த மண்ணில் ஒட்டகம் மேய்த்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை எந்தப் பக்கம் பெய்கிறதோ அந்தப் பக்கம் போகிறவன் அவன். அவனுக்குக் கோடு போடுவது கடல் அலைக்குப் பட்டா கொடுக்கிற மாதிரி.

ஆக சோமாலியர்கள் ஐந்து துண்டானார்கள். ஒன்று பிரிட்டனிடம், ஒன்று இத்தாலியிடம், ஒன்று பிரான்ஸிடம் (பிற்பாடு ஜிபூட்டி), ஒன்று கென்யாவின் வடக்கு மாவட்டத்தில், ஒன்று எத்தியோப்பியாவின் ஒகாடெனில். 1960 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் துண்டும் இத்தாலியத் துண்டும் சேர்ந்து சோமாலியக் குடியரசாயின. நீலக் கொடியில் ஒரு வெள்ளை நட்சத்திரம், அதற்கு ஐந்து முனை. இரண்டு முனை கையில் இருக்கிறது. மற்ற மூன்றும் அண்டை வீட்டுக்காரர்களின் கொல்லையில். கொடியேற்றும்போதே வில்லங்கத்தையும் சேர்த்து ஏற்றிய நாடு உலகத்தில் அதிகம் இருக்காது. மூன்று பக்கத்து அண்டை வீட்டாரும் அந்தக் கொடியைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று முனையை மீட்க வேண்டுமானால் துப்பாக்கி வேண்டும். சோமாலியா முதலில் மேற்கு நாடுகளிடம்தான் போனது. அவர்கள், உள்ளூர்க் காவலுக்குப் போதுமான அளவுக்கு ஒரு சின்னப் படையை வைத்துக்கொள் என்று கிள்ளிக் கொடுக்கப் பார்த்தார்கள். எத்தியோப்பியாவைக் கோபப்படுத்த அவர்களுக்கு மனசில்லை. 1963-ல் மாஸ்கோ அள்ளிக் கொடுத்தது. சோமாலியா அள்ளிக் கொடுத்த பக்கம் சாய்ந்தது. அப்போது சோமாலியாவில் மார்க்ஸைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம். பீரங்கி முதலில் வந்தது, தத்துவம் பின்னால் பார்சலில் வந்தது.

அந்தப் பார்சலைப் பிரித்தவர் ஜெனரல் சியாத் பார்ரே. 1969 அக்டோபரில் ஜனாதிபதி சுட்டுக் கொல்லப்பட்ட ஆறாம் நாள், ராணுவத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டே நாடு 'விஞ்ஞான சோசலிச' நாடு என்று அறிவித்தார். ஊர்வலங்களில் மார்க்ஸ், லெனின், சியாத் பார்ரே என்று மூன்று படங்கள் போயின. மூன்றில் யார் மூத்தவர் என்பது தெருவுக்குத் தெரு மாறும். நல்லதும் செய்தார்: அதுவரை சொந்த எழுத்து உறுதியாகாமல் இருந்த சோமாலி மொழிக்கு 1972-ல் லத்தீன் எழுத்தை நிலைநாட்டி, பள்ளிப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பி எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அதை மறுப்பதற்கில்லை. குலப்பெயர் சொல்வதையும் தடை செய்தார். குலவெறிக்குப் பொம்மை செய்து எரித்தார்கள். அதற்குப் பிறகு மக்கள் ஒருவரையொருவர் சந்தித்தால், "உங்கள் முன்னாள் குலம் எது?" என்று கேட்டார்கள். சாதி கேட்கக் கூடாது என்றால் "எந்தத் தெரு?" என்று கேட்கிற நமக்கு இந்த சாமர்த்தியத்தை விளக்க வேண்டியதில்லை. தலைவரே தன் குலத்தையும், தாயார் குலத்தையும், மருமகன் குலத்தையும் வைத்துத்தான் ஆட்சி நடத்தினார். தாயார் குலத்தின் பெயர் ஒகாடென். அந்த மண்ணின் பெயரே அந்தக் குலத்தின் பெயர்தான். குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1974 ஜூலையில் மாஸ்கோவோடு இருபது ஆண்டு நட்பு ஒப்பந்தம். பெர்பெரா துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்களுக்கு இடம், நீண்ட ஓடுபாதை, ஏவுகணைக் கிடங்கு. அமெரிக்கா 1975-ல் வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, "இதோ தளம்" என்றது. "அப்படி எதுவும் கிடையாது, வேண்டுமானால் வந்து பாருங்கள்" என்று சியாத் பார்ரே அழைப்பு விடுத்தார். வெறும் வாய்ப்பேச்சு என்று நினைத்திருப்பார். அமெரிக்கர்கள் நிஜமாகவே வந்தார்கள், பார்த்தார்கள், படத்தில் இருந்ததெல்லாம் தரையிலும் இருந்தது.

இனி எதிர்வீடு. எத்தியோப்பியாவில் 1930 முதல் பேரரசர் ஹைலே செலாசி. சாலமன் ராஜாவுக்கும் ஷீபா ராணிக்கும் பிறந்த வழி என்று வம்சாவளி சொல்லிக்கொள்பவர். அமெரிக்காவுக்குச் செல்லப்பிள்ளை. கொரியப் போருக்குக் கூடப் படை அனுப்பியவர். 1953-ல் போட்ட ஒப்பந்தப்படி, அஸ்மாராவின் மலைமேல் கேக்னியூ நிலையம் அமெரிக்காவுக்கு இருபத்தைந்து ஆண்டுக் குத்தகை. உலகத்தில் யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று காதை வைத்துக் கேட்கிற வேலை அங்கே. காற்றிலே பேச்சு கேட்கத் தோதான உயரம். கூடவே வேலை செய்கிறவர்களுக்கு டி.வி. நிலையம், பௌலிங் கூடம். வாடகையாக ராஜாவுக்கு விமானமும் டாங்கியும். செயற்கைக்கோள் வந்ததும் மலைமேல் காது வைக்கிற தேவை குறைந்தது. வாடகைக்காரன் வீட்டைக் காலி பண்ண மனசில் முடிவெடுத்துவிட்டான், வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது.

ராஜாவை வீழ்த்தியது ரஷ்யா அல்ல, பசி. 1973-ல் வொல்லோ மாகாணத்தில் பஞ்சம். அரசாங்கம் மூடி மறைத்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிவிட்டது. 1974 செப்டம்பர் 11 இரவு, அந்தப் படத்தின் நடுநடுவே அரண்மனை விருந்துக் காட்சிகளை வெட்டி ஒட்டி, எத்தியோப்பியத் தொலைக்காட்சியிலேயே ராணுவம் ஓடவிட்டது. மறுநாள் காலை ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கிக் கூட்டிப் போக வந்தார்கள். வாசலில் நின்றது ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். ரோல்ஸ்ராய்ஸில் போய்வந்த எண்பத்திரண்டு வயது சக்கரவர்த்தி, முன்னிருக்கை சாய்த்தால்தான் பின்னால் ஏற முடிகிற அந்த வண்டிக்குள் குனிந்து ஏறினார். உலக வரலாற்றில் சாம்ராஜ்ஜியங்கள் தீயிலும் வாளிலும் முடிந்திருக்கின்றன. இரண்டு கதவுக் காரில் முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆட்சிக்கு வந்த கூட்டத்தின் பெயர் டெர்க். அர்த்தம் வேறொன்றுமில்லை, 'குழு'. சுமார் நூற்றிருபது பேர். குழு என்றால் கூடிப் பேசி முடிவெடுக்கும் என்று நாம் நினைப்போம்; இந்தக் குழு கூடினால் திரும்பிப் போகிறவர்களின் எண்ணிக்கை குறையும். முதல் தலைவர் 1974 நவம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்தவர் 1977 பிப்ரவரி 3 அன்று, அரண்மனையில் கூட்டத்துக்குப் போன இடத்தில் போய்ச் சேர்ந்தார். மிச்சம் நின்றவர் மெங்கிஸ்து ஹைலே மரியம். ரத்தக்கறை காயும் முன்பே சோவியத் தூதர் வாழ்த்துச் சொல்லப் போனார்.

மாஸ்கோவுக்கு இப்போது ஒரு யோசனை. சோமாலியா கையில் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. ஆனால் எத்தியோப்பியா பெரிய நாடு, ஜனத்தொகை பல மடங்கு, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைமையகமே அடிஸ் அபாபாவில்தான். அதையும் சேர்த்துக் கட்டிக்கொண்டால்? 1976 டிசம்பரிலேயே மெங்கிஸ்து கூட்டத்தோடு ரகசியமாக ஆயுத ஒப்பந்தம் போட்டாயிற்று. இரண்டு பெண்டாட்டிக்காரன் கதையை நம் சினிமா எத்தனை முறை எடுத்திருக்கிறது! சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்கப் பஞ்சாயத்துக்கு வந்தவர் கியூபாவின் ஃபிடல் காஸ்ட்ரோ. 1977 மார்ச்சில் மொகதிஷுவுக்கும் அடிஸ் அபாபாவுக்கும் போய்விட்டு, தெற்கு ஏமனின் ஏடன் நகரத்தில் சியாத் பார்ரேயையும் மெங்கிஸ்துவையும் எதிரெதிரே உட்கார வைத்தார். யோசனை பிரமாதம்: எத்தியோப்பியா, சோமாலியா, தெற்கு ஏமன், விடுதலையாகப் போகிற ஜிபூட்டி எல்லாம் சேர்ந்து ஒரு சோசலிசக் கூட்டாட்சி. நாமெல்லாம் தொழிலாளி வர்க்கம், நமக்குள் எல்லை எதற்கு? சியாத் பார்ரே, "சரி, முதலில் ஒகாடெனைக் கொடுங்கள், அப்புறம் வர்க்கத்தைப் பற்றிப் பேசலாம்" என்கிற ரீதியில் பதில் சொன்னார். மெங்கிஸ்து ஒரு ஜாண் கொடுக்கத் தயாரில்லை. ராத்திரி முழுக்கப் பேசியும் பஞ்சாயத்து கலைந்தது. காஸ்ட்ரோ அடுத்த மாதமே கிழக்கு ஜெர்மனித் தலைவரிடம் போய், சியாத் பார்ரே சோசலிஸ்ட் வேஷம் போட்ட இனவெறியர் என்று புலம்பியது பதிவாகியிருக்கிறது. சோமாலியாவுக்கு மாஸ்கோ பதினாலு வருஷமாக ஆயுதம் கொடுத்த பிறகு வந்த ஞானம்.

அதே நேரத்தில் வாஷிங்டனில் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக வந்திருந்தார். நிலக்கடலை விவசாயி, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் நடத்துகிறவர், மனித உரிமையைக் கொடியில் கட்டி வந்தவர். மெங்கிஸ்துவின் தெருக்களில் பிணம் விழுந்துகொண்டிருந்தது. 'சிவப்புப் பயங்கரம்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டு இளைஞர்களை வேட்டையாடிய காலம் அது. அந்த இடத்தில் சிரிக்க எதுவும் இல்லை, தாண்டிப் போகிறேன். பிப்ரவரியில் எத்தியோப்பியாவுக்கான ராணுவ உதவியைக் கார்ட்டர் அரசு குறைத்தது. ஏப்ரலில் மெங்கிஸ்து அடிஸ் அபாபாவின் புரட்சிச் சதுக்கத்தில் மேடையேறி, ரத்தச் சிவப்பாய் இருந்த திரவம் நிரப்பிய புட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டு உடைத்தார். ஏகாதிபத்தியத்தின் ரத்தமாம், நிலப்பிரபுத்துவத்தின் ரத்தமாம். நம்மூரில் பூசணிக்காய் உடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒரு வாரத்தில் கேக்னியூ நிலையத்துக்குக் காலி செய்யும் உத்தரவு வந்தது. நாலு நாள் கெடு. குத்தகை முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மே மாதம் மெங்கிஸ்து மாஸ்கோவில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சியாத் பார்ரேக்கு விஷயம் புரிந்தது. எதிராளி பழைய கூட்டணியை விட்டு வெளியே வந்துவிட்டான், புதிய கூட்டணியில் தொகுதிப் பங்கீடு இன்னும் முடியவில்லை. ராணுவத்துக்குள் களையெடுப்பு, எரித்ரியாவில் தனிக்கிளர்ச்சி. இதைவிட நல்ல முகூர்த்தம் வராது. அமெரிக்காவும் கண்ணடித்தது. தற்காப்பு ஆயுதம் கொடுக்க 'கொள்கையளவில்' சம்மதம் என்று 1977 ஜூலையில் சொல்லிவிட்டது. கொள்கையளவில் என்ற சொல்லுக்கு அரசாங்க மொழியில் 'மாட்டேன்' என்று அர்த்தம் என்பது நமக்குத் தெரியும். சியாத் பார்ரேக்கு அது 'அடி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று காதில் விழுந்தது.

ஜூலை நடுவில் சோமாலிய ராணுவம் ஒகாடெனுக்குள் இறங்கியது. இல்லை, தவறு. அதிகாரப்பூர்வமாக ராணுவம் இறங்கவே இல்லை. போரிட்டது மேற்கு சோமாலிய விடுதலை முன்னணியின் கெரில்லாக்கள் மட்டுமே. அவர்களிடம் எப்படியோ டாங்கிப் படை இருந்தது, பீரங்கிப் படை இருந்தது, மிக் ரகப் போர் விமானங்களும் இருந்தன. பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறவன் மிக்-21 எங்கே நிறுத்திவைத்திருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. 1978 பிப்ரவரியில், தோல்வி கதவைத் தட்டும்போதுதான், "இனிமேல் எங்கள் ராணுவத்தை அனுப்பப் போகிறோம்" என்று மொகதிஷு அறிவித்தது. ஏழு மாதமாக அங்கே செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களுக்கு அப்போதுதான் புறப்படும் உத்தரவு.

முதல் இரண்டு மாதம் சோமாலியாவின் கொடி பறந்தது. ஒகாடெனின் பெரும்பகுதி விழுந்தது. ஆகஸ்டில் டிரே டாவா என்ற ரயில் நகரத்தின்மேல் பாய்ந்தார்கள். ஜிபூட்டித் துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம், விமானத் தளம் எல்லாம் அங்கேதான். அங்கே தோற்றார்கள். செப்டம்பர் நடுவில், ராஜாவைக் காரில் ஏற்றிய மூன்றாம் ஆண்டு விழாவையொட்டி, ஜிஜிகா நகரம் சோமாலியர் கையில் விழுந்தது. அங்கிருந்த எத்தியோப்பியச் சிப்பாய்கள் கலகம் செய்துவிட்டு ஓடினார்கள். மலைக்கணவாயும் போயிற்று. அடுத்து ஹரார்.

அந்த வானத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். எத்தியோப்பியா இப்போது மார்க்சிய நாடு. ஆனால் அதன் விமானிகள் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்கள், ஓட்டுவது அமெரிக்காவின் எஃப்-5. எதிரே ரஷ்யாவில் பயிற்சி பெற்ற சோமாலிய விமானிகள், ஓட்டுவது ரஷ்யாவின் மிக். கம்யூனிஸ்டுகளின் பக்கத்திலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள், கம்யூனிசத்தைக் கைகழுவப் போகிறவர்களின் ரஷ்ய விமானங்களைச் சுட்டு வீழ்த்தின. மாஸ்கோ தன் புது நண்பன் ஜெயித்ததற்குக் கைதட்டுவதா, தன் சரக்கு தோற்றதற்கு வெட்கப்படுவதா? வாஷிங்டனுக்கும் அதே பிரச்சினை, தலைகீழாக.

இதற்கிடையில் மாஸ்கோவின் ஆலோசகர்கள் சோமாலியாவில் உட்கார்ந்திருக்க, மாஸ்கோவின் டாங்கிகள் எத்தியோப்பியாவில் இறங்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் கடைசியில் சியாத் பார்ரே கடைசி முயற்சியாக மாஸ்கோவுக்கே போனார். பிரெஷ்னேவ் பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் வந்த சம்பந்தியைத் திண்ணையோடு அனுப்பிய மாதிரி. அக்டோபரில் ஆயுதம் நின்றது. நவம்பர் 13 அன்று சியாத் பார்ரே ஒப்பந்தத்தைக் கிழித்தார், ரஷ்ய ஆலோசகர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், கியூபாவோடு உறவையே முறித்தார். இருபது ஆண்டு நட்பு மூன்று ஆண்டு சொச்சத்தில் முடிந்தது. ரஷ்யர்கள் பெர்பெராவில் கட்டிவைத்திருந்த மிதக்கும் கப்பல் பட்டறையைக்கூட விடாமல் கடலில் இழுத்துக்கொண்டு போனார்கள். ஓடுபாதையைச் சுருட்ட முடியவில்லை, அது மட்டும் நின்றது.

ரஷ்யர்களை விரட்டியாயிற்று, அமெரிக்கன் இனி ஓடி வருவான் என்று சியாத் பார்ரே வாசலைப் பார்த்தார். வரவில்லை. அடுத்தவன் எல்லைக்குள் புகுந்தவனுக்கு ஆயுதம் தர மாட்டோம் என்று கார்ட்டர் கையை விரித்தார். ஆப்பிரிக்க நாடுகள் பெரும்பாலும் எத்தியோப்பியா பக்கம். வெள்ளைக்காரன் போட்ட கோட்டை ஒரு இடத்தில் அழித்தால் தங்கள் வீட்டுக் கோடும் அழிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும். பழைய கணவனை விரட்டிய அன்றைக்கே புதுக் கணவனும் மோதிரத்தைத் திருப்பிக் கேட்ட கதை.

அப்புறம் சேர்ந்த கூட்டணிகளைப் பார்த்தால், நம்மூர்த் தேர்தல் கூட்டணியெல்லாம் கொள்கைக் குன்று. எத்தியோப்பியாவுக்குப் பின்னால் சோவியத் யூனியன், கியூபா, கிழக்கு ஜெர்மனி, தெற்கு ஏமன், லிபியா, கூடவே இஸ்ரேல்! செங்கடல் அரபுக் குளமாகிவிடக் கூடாது என்பது இஸ்ரேலின் கவலை. லிபியாவின் கடாஃபியும் இஸ்ரேலும் ஒரே மாட்டுக்குக் கொம்பு சீவியது வேறெங்கும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த ரகசியத்தை 1978 பிப்ரவரியில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே தயானே பத்திரிகைக்காரர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கோபப்பட்ட மெங்கிஸ்து இஸ்ரேலியர்களை அனுப்பிவைத்தார். சோமாலியாவுக்குப் பின்னால் சவூதி, எகிப்து, ஈரானின் ஷா, அவர்களோடு நல்ல கம்யூனிஸ்ட் நாடான சீனா. முதலாளித்துவக் கென்யா, கொடியிலுள்ள தன் முனையை நினைத்து, மார்க்சிய எத்தியோப்பியாவின் பக்கம் நின்று, சோமாலியாவுக்கு ஆயுதம் ஏற்றிப் போன எகிப்து விமானத்தை வழிமறித்துத் தரையிறக்கியது. எவனாவது தத்துவத்தைக் கொண்டு இதை விளக்கினால் அவனுக்கு ஒரு தாம்பூலம் வைத்துக் கொடுக்கத் தயார்.

நவம்பர் கடைசியில் வானத்தில் பாலம் போட்டது மாஸ்கோ. பெரிய பெரிய ஆன்டனவ் விமானங்கள் அண்டை நாடுகளின் வானத்தில் கேட்டும் கேட்காமலும் பறந்து வந்தன. சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதம் சில மாதத்தில் கொட்டியது. பத்தாண்டுக்கு மேல் சோமாலியாவுக்குப் பிசுக்கிப் பிசுக்கிக் கொடுத்ததை இது ஒரே மூச்சில் தாண்டியது. சுமார் 15,000 கியூபச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். ரஷ்ய ஜெனரல் வாசிலி பெட்ரோவ் வந்து கட்டளை பார்த்தார். சோமாலியாவிலிருந்து விரட்டப்பட்ட ஆலோசகர்களில் சிலரும் நேரே இங்கேதான் வந்தார்கள். சோமாலியப் படையின் பலம் எங்கே, ஓட்டை எங்கே என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? பாடம் நடத்திய வாத்தியாரே எதிர்க்கட்சிப் பையனுக்கு டியூஷன் எடுக்கப் போய்விட்டார்.

முடிவு அதற்குப் பிறகு நாள் கணக்குதான். ஜிஜிகாவுக்கு முன்னால் மலை. கணவாயைச் சோமாலியர்கள் கெட்டியாகப் பிடித்திருந்தார்கள். எத்தியோப்பியரும் கியூபரும் கணவாயில் போய் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு படை மலையைச் சுற்றி வடக்கே போனது. ராட்சத ஹெலிகாப்டர்களில் ஆளையும் இலகுவான கவச வண்டிகளையும் தூக்கி மலைக்குப் பின்னால் இறக்கினார்கள். 1978 மார்ச் 5 அன்று ஜிஜிகா விழுந்தது. நாலு நாளில், மார்ச் 9 அன்று, படைகளைத் திரும்ப அழைப்பதாகச் சியாத் பார்ரே அறிவித்தார். எத்தியோப்பியா சோமாலிய எல்லையைத் தாண்டி உள்ளே வராது என்று மாஸ்கோ அமெரிக்காவுக்குச் சொல்லியிருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றியது. இரண்டு மாட்டையும் மாற்றி மாற்றிச் சீவியவர்கள், சீவியவர்களுக்குள் பேசிவைத்த ஒழுங்கை மட்டும் மீறவில்லை.

வாஷிங்டனில் இதை வைத்து ஒரு குடுமிப்பிடிச் சண்டை நடந்தது. பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி, "உடனே விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பு" என்று குதித்தார். வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ், "அனுப்பி அது அங்கே என்ன செய்யும்?" என்று கேட்டார். கப்பல் போகவில்லை. அணு ஆயுதக் குறைப்புப் பேச்சுக்கு ஒகாடென் மணலில்தான் சமாதி கட்டினார்கள் என்று பிரெசின்ஸ்கி பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மணலில் நிஜமாகப் புதைந்தவர்களைப் பற்றி அவர் அவ்வளவு சொன்னதாகத் தெரியவில்லை. லட்சக்கணக்கான ஒகாடென் மக்கள், ஆடும் ஒட்டகமும் இழந்து, அகதிகளாகச் சோமாலியாவுக்குள் நடந்தார்கள்.

1980 ஆகஸ்டில் அமெரிக்கா கடைசியில் வந்தது. ஈரானில் ஷா போய்விட்டார், ஆப்கானிஸ்தானில் ரஷ்யா இறங்கிவிட்டது, பெர்பெரா இப்போது தேவைப்பட்டது. ரஷ்யன் போட்ட ஓடுபாதையில் அமெரிக்க விமானம் இறங்கியது. அதே சியாத் பார்ரே, அதே நாற்காலி. மார்க்ஸ், லெனின் படங்களை மட்டும் கழற்றிவைத்தார்கள். அடிஸ் அபாபாவிலோ லெனினுக்குப் பெரிய சிலையே வைத்தார்கள். சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இன்னும் பத்து வருஷம் ஓட்டினார்கள். ஒருவர் நாட்டுக் கிளர்ச்சிக்காரர்களுக்கு மற்றவர் சோறு போட்டு வளர்த்தார். 1988-ல் இரண்டு பேருக்கும் சொந்த வீடு எரிய ஆரம்பித்ததும், இனி அதைச் செய்வதில்லை என்று கைகுலுக்கிக்கொண்டார்கள்.

1991 ஜனவரியில் சியாத் பார்ரே மொகதிஷுவை விட்டு ஓடினார். மே மாதம் மெங்கிஸ்து விமானமேறி ஜிம்பாப்வேக்கு ஓடினார். ஹராரைக் காப்பாற்றியவருக்கு அடைக்கலம் கிடைத்த ஊரின் பெயர் ஹராரே. அடுத்த ஆண்டு அடிஸ் அபாபா அரண்மனையில் தரையைத் தோண்டி, பழைய ராஜாவின் எலும்புகளை எடுத்தார்கள். 1991 கடைசியிலேயே சோவியத் யூனியன் கலைந்துபோயிருந்ததால், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.

ஒகாடெனை மீட்கக் கொடுத்த மிக் விமானங்களில் மிஞ்சியவற்றுக்கு 1988-ல் வேலை வந்தது. தனக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்த சொந்த நாட்டு நகரம் ஹர்கேசாமீது குண்டு போடச் சொன்னார் சியாத் பார்ரே. விமானங்கள் ஹர்கேசா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, ஹர்கேசாமீதே குண்டு போட்டுவிட்டு, அங்கேயே வந்து இறங்கின. அதில் ஒரு மிக்-17 இப்போது அந்த நகரத்தின் நடுச்சந்தியில், ஒரு மேடைமேல் நினைவுச் சின்னமாக நிற்கிறது. கீழே பணம் மாற்றுகிறவர்கள் நோட்டுக்கட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை போட்டிருக்கிறார்கள்.